எந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்பது?

காரிமங்கலம் பக்கத்தில் முன்பெல்லாம், மனம் கலங்கியவரை அழைத்துக்கொண்டு போன எந்த வீட்டு வாசலிலும் பெயர்ப்பலகை இருந்ததில்லை. குறி சொல்லும் அம்மாள் வீடு என்றால் புளியமரத்துக்கு எதிர்வீடு. தாயத்துக் கட்டுகிறவர் வீடு என்றால் ஏரிக்கரை மேட்டில் கடைசி ஓட்டுவீடு. இரவில் பயந்து அலறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாலைத் தொழுகை முடிந்து வெளியே வரும் பாய்மார்களிடம் மந்திரித்துக்கொள்ளப் பள்ளிவாசல் படியருகே தாய்மார்கள் காத்து நின்றார்கள். பிள்ளை பெற்ற பிறகு யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்ட பெண்ணுக்கு முனியப்பன் கோயில் பூசாரி வேப்பிலை அடித்தார். காணிக்கை வெற்றிலைத் தட்டில் விழுந்தது. வழி கேட்பவரோ வழி சொல்பவரோ நோயின் பெயரை உச்சரிக்க வேண்டியிருக்கவில்லை. “மேட்டுத் தெரு வரைக்கும் போறோம்” என்றால் போதும். கேட்டவருக்குப் புரிந்துவிடும், புரிந்துவிட்டது என்று அவர் காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

உள்ளூரில் தீராதபோது வெளியூருக்குப் போனார்கள். அங்கும் ஊரின் பெயர்தான் சிகிச்சையின் பெயர். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம், பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்க வேண்டும். வடக்கே போனால் சோளிங்கர் நரசிம்மர் மலை. தெற்கே போனால் ஏர்வாடி தர்கா. “அவங்க வீட்டுல குணசீலம் போயிருக்காங்க” என்று திண்ணையில் ஒருவர் சொன்னால், மற்றவர் எதற்கு என்று கேட்கமாட்டார். கோயிலுக்குப் போனதாகவும் அதைக் கொள்ளலாம், வைத்தியத்துக்குப் போனதாகவும் கொள்ளலாம். அந்த இரட்டைப் பொருளில் ஒரு குடும்பத்தின் மானம் ஒதுங்கி நிற்க இடம் இருந்தது.

இன்றைய காரிமங்கலம் வேறு. அன்று சேலம் ஜில்லாவின் ஓரத்தில் கிடந்த ஊர், 1965-இல் தருமபுரி மாவட்டம் பிறந்தபோது அதற்குள் வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் தருமபுரியோடு நின்றது. இன்று அது பேரூராட்சி, தாலுகாவின் தலைநகர். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44 அதைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மலைமேல் அருணேசுவரர் அன்றிருந்தபடியே இருக்கிறார். வாரச்சந்தை அன்றிருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. சந்தைக்குப் போகும் வழியில் பல் மருத்துவமனை, கண் பரிசோதனை நிலையம், ரத்தப் பரிசோதனை நிலையம் என்று பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன.

எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி மருத்துவ உளவியல் படித்துவிட்டு, வெளியூரில் சில காலம் வேலை பார்த்தபின், இந்தப் பலகைகளுக்கு நடுவே தானும் ஒரு பலகை மாட்ட எண்ணி ஊர் திரும்பியிருக்கிறாள். மாடியில் ஓர் அறை பேசியாகிவிட்டது, முன்பணம் கொடுத்தாகிவிட்டது, இரண்டு நாற்காலியும் வந்துவிட்டன. பெயர்தான் அமையவில்லை. தாளில் எழுதி எழுதி அடித்த பெயர்களோடு ஒருநாள் என்னிடம் வந்தாள். “பெரியப்பா, படிப்பை விட இது கஷ்டமா இருக்கு” என்றாள். அது மிகையில்லை என்று சொல்ல, இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1794-இல் சென்னையில் வாலண்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மனநோயாளிகளுக்காகத் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு காப்பகம் தொடங்கினார். அரசு கட்டியதில்லை, தனியார் நடத்த, கம்பெனி பணம் கொடுத்து ஆட்களை அனுப்பிய இடம். இன்றைய மொழியில் சொன்னால் தனியார் மனநலச் சேவைதான். சில ஆண்டுகளில் அது ஜேம்ஸ் டால்ட்டன் என்ற மருத்துவர் கைக்கு வந்தது. அப்போது அதற்கு வழங்கிய பெயர் ‘டால்ட்டன்ஸ் மேட் ஹாஸ்பிட்டல்’, டால்ட்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. பெயரின் முன்பாதியில் மருத்துவர் தலைநிமிர்ந்து நிற்கிறார். பின்பாதியில் உள்ளே இருப்பவர் ஒரே சொல்லில் அவமானப்படுகிறார். யார் பொறுப்பு என்பது தெரிந்தது, யார் நோயாளி என்பதும் ஊருக்கே தெரிந்தது.

கானலி தொடங்கி இரண்டு ஆண்டில், 1796-இல், இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகர், தம் குவேக்கர் சமயத்தாரோடு சேர்ந்து இன்னொரு இல்லம் திறந்தார். ஆஸ்பத்திரி என்றோ அசைலம் என்றோ பெயர் வைக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. ‘ரிட்ரீட்’ என்றார்கள், ஒதுங்கி இளைப்பாறும் இடம். சங்கிலியையும் அடியையும் கூடிய மட்டும் விலக்கி, தோட்ட வேலையும் பேச்சும் மரியாதையுமாக அங்கே சிகிச்சை நடந்தது. பெயர் முதலில் வந்ததா, நடத்தை முதலில் வந்ததா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றாக இருந்ததால் அந்தப் பெயர் நின்றது. ஒரே காலத்தில் பிறந்த இரு தனியார் இல்லங்களில் சென்னைக்கு வாய்த்தது மற்ற வகைப் பெயர்.

1871-இல் சென்னை அரசு கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் லூனடிக் அசைலம் திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் 145 பேர். பிற்காலத்தில் அது 1,800 படுக்கை கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. 1922-இல் அசைலம் என்ற சொல் போய் ‘மென்டல் ஹாஸ்பிட்டல்’ ஆயிற்று. பிறகு அதுவும் போய் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த்’. தமிழில் அரசு மனநலக் காப்பகம். பலகையை மூன்று முறை எழுதினார்கள். மக்கள் மூன்றையும் படிக்கவில்லை. அவர்கள் ‘கீழ்ப்பாக்கம்’ என்றார்கள். சினிமா நகைச்சுவை அதைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனது. சென்னையைக் கண்ணால் பார்த்திராத காரிமங்கலத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று ஒருவரையொருவர் ஏசினோம். அங்கே வீடு கட்டிக் குடியிருந்த சாதாரணக் குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

லண்டனில் 1247-இல் தொடங்கிய பெத்லெம் மருத்துவமனையின் பெயர் ‘பெட்லம்’ எனச் சிதைந்து, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. ஏசு பிறந்த ஊரின் பெயர் அது. இலங்கையில் அங்கொடை என்ற ஊருக்கும் கீழ்ப்பாக்கத்தின் கதிதான். புனிதமான பெயரும் தப்பவில்லை, வெறும் ஊர்ப்பெயரும் தப்பவில்லை. குணசீலம் மட்டும் ஏன் தப்பியது? அங்கே நோயாளியும் போனார், நோயில்லாதவரும் போனார். பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டத்தில் இருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. கீழ்ப்பாக்கத்து மதில் அந்த வேறுபாட்டை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. பெயரில் கறை படிவது மதிலால் என்பதே என் துணிபு.

சட்டமும் தன் பெயரை மாற்றிக்கொண்டே வந்தது. 1858-இலும் 1912-இலும் வந்தவை லூனசிச் சட்டங்கள். யாரைப் பிடித்து அடைக்கலாம், எந்த மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும் என்பதே அவற்றின் கவலை. அடுத்த பெயர் மாற்றத்துக்கு 75 ஆண்டுகள் ஆயின. 1987-இல் மனநலச் சட்டம் வந்தது, நடைமுறைக்கு வர 1993 ஆயிற்று. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை பெறுவது ஒருவரின் உரிமை என்று அது பேசுகிறது. யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கிறது. சட்டத்தின் தலைப்பில் நோயாளிக்குச் சூட்டிய பட்டம் போய், அவருக்குத் தரவேண்டிய பராமரிப்பு வந்து உட்கார 159 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இனி நம் பக்கத்துப் பலகைகள். சேலத்திலும் தருமபுரியிலும் மனநல மருத்துவர்கள் தனியாகத் தொழில் தொடங்கிய நாட்களில் பெயர் தேடும் வேலையே இருக்கவில்லை. மருத்துவரின் பெயர், அதன்பின் எம்.பி.பி.எஸ்., டி.பி.எம்., கீழே பார்வை நேரம். அவ்வளவுதான். பலர் அதில் ‘நரம்பு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள்: நரம்பு மற்றும் மனநல மருத்துவர். அந்த ஒரு சொல்தான் பலரைப் படியேற வைத்தது. “நரம்புத் தளர்ச்சிக்குப் பார்க்கறோம்” என்று சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லலாம். பெங்களூர் பஸ் ஏறியவர்களுக்கும் அந்த வசதி உண்டு. 1974-இல் அங்கே மனநல மருத்துவமனையையும் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து அமைத்த நிம்ஹான்ஸ், தன் பெயரில் மனத்தோடு நரம்பியலையும் சேர்த்தே வைத்திருக்கிறது. எங்கள் ஊரார் அதை ‘நிமான்ஸ்’ என்று சுருக்கி, எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மருத்துவர் பலகைக்கு விதியும் உண்டு. 2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த ஒழுக்க நெறிகள், பலகை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக்கூடாது என்கின்றன. பெயர், முறையாகப் பெற்ற பட்டம், சிறப்புத் துறை, பதிவு எண் ஆகியவற்றுக்கு மேல் அதில் எதுவும் எழுதக்கூடாது என்கின்றன. அழகில்லாத பலகைதான். ஆனால் வாசலில் நிற்கும் ஏழைக்கு உள்ளே இருப்பவர் யார், என்ன படித்தவர், தவறு நடந்தால் எந்த எண்ணைச் சொல்லி யாரிடம் முறையிடலாம் என்பதை அது சொல்லிவிடும். பெயர் வைக்கும் கலை வளர்ந்தபோது முதலில் சுருங்கிப்போனது இந்தக் கடைசி வரி.

அந்தக் கலை இந்தியாவில் புதிதும் இல்லை. கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், 1940-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனைக்கு ‘லும்பினி பார்க்’ என்று பெயர் வைத்தார். புத்தர் பிறந்த இடத்தின் பெயர். நோயின் சாயலே அதில் இல்லை. தமிழ்நாட்டில் அந்த மாற்றம் எண்பதுகளில் தெரியத் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961 முதல் 1978 வரை வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். முழுப்பெயரில் நோயின் பெயர் இருந்தது. முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘ஸ்கார்ஃப்’, கழுத்தில் சுற்றும் துணி. மக்கள் வாயில் நின்றது துணிதான். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகத் தொடங்கிய அமைப்புக்கு ‘ஸ்நேகா’ என்று பெயர். யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்த 1987-இல் தொடங்கிய உளவளத்துணை நிலையம் ‘சாந்திகம்’. 1992-இல் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை ஒரு மனிதரின் பெயரையே தாங்கி வந்தது. 1993-இல் சென்னைத் தெருக்களில் அலைந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய அமைப்பு ‘பான்யன்’, ஆலமரம். அதன் இல்லம் ‘அடைக்கலம்’. துணி, நட்பு, சாந்தி, மரம், அடைக்கலம். பத்தே ஆண்டுகளுக்குள் இந்தத் துறையின் சொற்கள் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டன!

அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். அதுவும் தனியார் நடத்திய இடம். பெயரில் ‘மனநலம்’ இருந்தது, ‘காப்பு’ இருந்தது, ஒரு பெரியவரின் புனிதமும் இருந்தது. கதவுக்குப் பின்னால் படித்த மருத்துவர் இல்லை, பதிவு இல்லை, சங்கிலியைத் திறக்க ஆள் இல்லை. அதன்பிறகே அரசு அத்தகைய இடங்களை மூடியது. உரிமமும் ஆய்வும் கண்டிப்பாயின. பெயர் தேடும் எவரும் இந்த நாளை மறந்துவிட்டுத் தேடக்கூடாது.

எங்கள் தெருப் பெண்ணின் தாளுக்கு வருகிறேன். முதலில் எழுதியிருந்தது ‘கவுன்சிலிங் சென்டர்’. படித்தவர் காதுக்கு நேரான பெயர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் எடுப்பது. மே, ஜூன் மாதங்களில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு பெற்றோர் படியேறி வருவார்கள். அடுத்தது ‘தெரபி’. அதைப் பார்த்தால் முழங்கால் வலிக்காரர்கள் வருவார்கள். பிசியோதெரபி வந்து பரவிய பிறகு தெரபி என்றால் கால், இடுப்பு, தோள்பட்டை என்றாகிவிட்டது. ‘மறுவாழ்வு மையம்’ என்றால் குடியை நிறுத்துகிற இடம். ‘ஆலோசனை மையம்’ என்றால் ஜாதகமா, குழந்தையின்மையா என்று கீழே உள்ள மருந்துக்கடையில் விசாரிப்பார்கள். ‘சாந்தி’ யாழ்ப்பாணத்தில் நன்றாக அமைந்தது. எங்கள் ஊர்ச் சுவர்களில் அந்தச் சொல் வருவது ஆத்மா சாந்தியடைய வேண்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான். ‘மனநலம்’ என்று நேராகவே போடலாமே என்றேன். அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “கீழே பஸ் ஸ்டாண்டு இருக்குதுங்க, அந்தப் படியில ஏறுனா நாலு பேரு பாப்பாங்க. வயசுப் பொண்ணை யாரு கூட்டிட்டு வருவாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெண் பார்க்க வருகிற காலத்தில் இந்த ஊரில் அது வெறும் அச்சம் இல்லை.

அப்பா எண்கணிதக்காரரிடம் போய்வந்தார். கூட்டுத்தொகை ஆறு வரவேண்டுமாம். அதைப் பெண் சிரித்துத் தள்ளிவிட்டாள். வெளியூர்த் தோழிகள் அனுப்பிய பட்டியலில் மைண்ட், ஹீல், ஹோப், செரீன் என்று வந்துகொண்டே இருந்தன. சேலத்திலும் ஓசூரிலும் பெங்களூரிலும் இன்று காணும் பெயர்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான். நகரத்தில் அவற்றால் நன்மை உண்டு. கல்லூரி மாணவன் நண்பர்களிடம் தயங்காமல் சொல்கிறான், கைப்பேசியில் தேடினால் கிடைக்கிறது. ஆனால் சந்தைக்குத் தேங்காய் கொண்டுவரும் அம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. கடைகளின் பலகையில் தமிழ் முதலிடத்தில் பெரிதாக இருக்க வேண்டும், 5:3:2 என்ற அளவில் மற்ற மொழிகள் பின்னால் வரவேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி அந்த விதியை நிறைவேற்றிவிடலாம். அம்மாளுக்கு அதனால் என்ன பயன்?

இந்த மாவட்டத்துக்கு உரிய பெயர்கள் என்றால் அதியமானும் ஔவையும். தகடூர் ஆண்டவன் அதியமான். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். ஓசூரில் பொறியியல் கல்லூரிக்கு அவன் பெயர் உண்டு. ஓட்டலுக்கும் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும்கூட உண்டு. ஆகவே அது வேண்டாம் என்றாள். பிறகு அவளே ‘நெல்லி’ என்றாள். நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான் என்ற கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். நோய் இல்லை, அழுகை இல்லை, ஒருவர் இன்னொருவருக்காக ஒன்றை எடுத்து வைத்தார் என்ற செய்தி மட்டும் அதில் இருக்கிறது. சித்த மருந்துக்கடை என்று சிலர் தவறாக நினைக்கக்கூடும். அந்தத் தவறால் யாருக்கும் கெடுதி இல்லை. “நெல்லிக்குப் போயிட்டு வரேன்” என்று ஒரு பெண் பஸ்ஸில் உரக்கச் சொல்லலாம். மேட்டுத் தெருவுக்குப் போனவர்களுக்கு இருந்த மறைவு இதில் திரும்பக் கிடைக்கிறது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது, அவளிடமும் சொன்னேன். வேறு யாரும் அதே தொழிலில் அப்பெயரை வணிகக் குறியாகப் பதிந்திருக்கிறார்களா என்று 44-ஆம் வகுப்பில், மருத்துவச் சேவைகளுக்கான வகுப்பு அது, தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் முடிவாகவில்லை.

ஆனால் பலகை எழுதுகிறவரிடம் கொடுக்க அவள் போட்ட வரைபடத்தில் ‘நெல்லி’ பெரிதாக இருந்தது, ஓர் இலை இருந்தது, தொலைபேசி எண் இருந்தது. அவள் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். “இப்ப யாரும் போடறதில்லைங்க பெரியப்பா, பழைய டாக்டர் போர்டு மாதிரி இருக்கும்” என்றாள். அன்றும் இன்றும் மாறிப்போனது எது என்று எனக்குத் தெளிவானது அப்போதுதான். டால்ட்டனின் பலகை மருத்துவரைக் காட்டியது, நோயாளியையும் காட்டிக்கொடுத்தது. இன்றைய பலகை நோயாளியைக் காப்பாற்றுகிறது, அது பெரிய வரவு. கூடவே உள்ளே அமர்ந்திருப்பவரையும் மறைத்துவிடுகிறது. மேட்டுத் தெருத் தாயத்துக்காரருக்குப் பலகை இல்லாவிட்டாலும் அவர் யார் மகன், எந்தத் தெரு என்று ஊருக்குத் தெரியும். ஒரு குழந்தைக்குக் கெடுதி நேர்ந்தால் அவர் பஞ்சாயத்தில் நிற்க வேண்டியிருக்கும். இலைக்குப் பின்னால் இருப்பவரை எங்கே நிறுத்துவது?

இது வீண் பயமில்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் என்று யார் யாரை மனநல வல்லுநர் என்று கொள்ளலாம் என வரையறுக்கிறது. ஆனால் ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டப் பல காலம் எந்தப் பதிவும் வேண்டியிருக்கவில்லை. 2021-இல் வந்த துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் அவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. சில நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும், இரண்டாண்டு மருத்துவமனையில் பயிற்சி பெற்று எம்.ஃபில். முடித்தவரும் ஒரே அழகான பெயருக்குப் பின்னால் உட்கார முடியும். வெளியே நிற்பவருக்கு வேறுபாடு தெரியாது. தற்கொலை எண்ணத்தோடு வந்த ஒருவருக்கு அந்த வேறுபாடு உயிர் காக்கக்கூடியது.

அரசின் பெயர்களும் மாறியிருக்கின்றன. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் தொண்ணூறுகளில் திருச்சியில் தொடங்கியது. இன்று தருமபுரி உட்பட எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. தருமபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகாமலே மனநல மருத்துவரைப் பார்க்க முடிகிறது. 2022 அக்டோபரில் நாடு முழுதும் தொடங்கிய தொலைபேசிச் சேவைக்குத் தமிழ்நாடு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் சூட்டியது. அதே ஆண்டு கல்லூரி மாணவர்களுக்கான திட்டத்துக்கு ‘மனம்’ என்று பெயர். லூனடிக் அசைலம் என்று பலகை எழுதிய அரசு அலுவலகத்தின் வழிவந்தவர்கள் இப்படியும் எழுதக் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. பெயர் மாறிய வேகத்துக்கு ஆட்கள் கூடவில்லை என்பதும் உண்மை. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அப்போதே ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை. சந்தை நாளில் காரிமங்கலத்தில் கூடுகிற கூட்டத்தில் பத்துக்கு ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பேருக்கும் இன்று ஊருக்குள் இருப்பது, இன்னும் திறக்காத ஒரு மாடி அறை.

இழந்தது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குணசீலத்தில் நோயாளியோடு குடும்பமே தங்கியது. பூசாரி வேப்பிலை அடித்தபோது தெருவே சுற்றி நின்றது. அவற்றால் தீங்கும் நேர்ந்தது. அடியும் பட்டினியும் சங்கிலியும் அந்த வழியில்தான் வந்தன, அவை திரும்ப வேண்டாம். ஆனால் நோயாளி தனியாக இல்லை. புதிய அறையில் இரண்டு நாற்காலி மட்டுமே. அங்கே சொன்னது வெளியே போகாது என்ற உறுதி பெரிய கொடை. பெண்களுக்கு அது இதுவரை எங்கும் கிடைத்ததில்லை. கதவைத் திறந்து வெளியே வந்ததும் துணைக்கு யார் என்பதற்கு அந்த அறையிடம் பதில் இல்லை. எந்தப் பெயரும் அதைத் தரமுடியாது. அது வீட்டார் வேலை.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதையே, இந்தத் தொழிலில் பெயர் தேடிக்கொண்டிருக்கும் மற்றவர்களிடமும் சொல்கிறேன். வருபவர் தலைகுனியாமல் சொல்லக்கூடிய பெயராக, சந்தைக்கு வரும் அம்மாள் வாயில் நுழையும் பெயராக வையுங்கள். அதன்கீழே, அதே பலகையில், படிக்கக்கூடிய அளவில் உங்கள் பெயரையும் பட்டத்தையும் பதிவு எண்ணையும் எழுதுங்கள். வாசகர்களும் படியேறுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அருகில் யாருமே இல்லாத ஊரென்றால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.